தேடுவதற்கென்று ஓர் ஆள்

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 83,350 குழந்தைகள் காணாமல்போனார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதே ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 80,561 பேர். இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவருக்கு நிம்மதிதான் வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கிடைத்துவிட்டார்களே! ஆனால் கிடைத்தவர்கள் எல்லாரும் அந்த ஆண்டில் தொலைந்தவர்கள் அல்லர். முந்தைய ஆண்டுகளில் தொலைந்து 2022-ல் அகப்பட்டவர்களும் அந்த எண்ணில் சேர்த்தி. பழைய பாக்கியையும் கூட்டினால் அந்த ஆண்டு தேட வேண்டியிருந்த குழந்தைகள் 1,27,874 பேர். டிசம்பர் முடிவில் அவர்களில் 47,313 பேர் கிடைக்கவில்லை. தொண்ணூற்றாறு என்பது அறுபத்து மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த பாக்கியைவிட முடிவில் இருந்தது ஏறக்குறைய 2,800 அதிகம். இந்தப் பாக்கி ஏன் கரையவில்லை என்று கேட்டால், போலீஸுக்கு அக்கறையில்லை என்பதுதான் பலருடைய பதில். அது பாதி உண்மைகூட இல்லை. நம் அரசு அமைப்பில் காணாமல்போன குழந்தையைத் தேடுவது கிட்டத்தட்ட யாருடைய முழுநேர வேலையும் அல்ல. வேறு வேலை பார்க்கிறவரின் தலையில் ஏற்றிவைத்த கூடுதல் பொறுப்பு அது. குறை அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் இப்படி நினைக்கவில்லை. நொய்டாவை ஒட்டிய நிதாரியில் 2006 டிசம்பரில் சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகள் எடுக்கப்பட்டபோது, புகார் கொடுக்கப்போன தங்களைக் காவல் நிலையம் திருப்பி அனுப்பியதாக அவர்களின் ஏழைப் பெற்றோர் சொன்னதைத்தான் நாடு முதலில் கேட்டது. குழந்தை உரிமை அமைப்பான பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவான உத்தரவு போட்டது: குழந்தை காணோம் என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம், வேறாக நிரூபிக்கப்படும்வரை அது கடத்தல் என்றே கருதப்பட வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 107-ஆவது பிரிவில் இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவரைக் குழந்தை நலக் காவல் அலுவலராக நியமிக்கலாம், அவர் குழந்தைகள் தொடர்பான வேலையை மட்டுமே பார்க்க வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் காவல் நிலையச் சுவரில் பெயரும் எண்ணும் எழுதிய பலகை தொங்கும். அந்தப் பெயருக்குரியவர் அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்திலோ, சாட்சி சொல்ல நீதிமன்ற வளாகத்திலோ, இரவு ரோந்து முடிந்து தூக்கத்திலோ இருப்பார். சட்டம் ஒரு பெயரைத் தந்தது. அந்தப் பெயருக்கு ஒரு நாற்காலியையும் நேரத்தையும் யாரும் தரவில்லை. அதனால்தான் எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய இடத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, “சொந்தக்காரங்க வீட்ல பாருங்க, ரெண்டு நாள்ல வந்துடும்” என்று அனுப்பும் பழக்கம் தீர்ப்புக்குப் பிறகும் முழுதாகச் சாகவில்லை.

தேடல் என்றதும் ஜீப்பும் துரத்தலும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இது பெரும்பாலும் பொறுமை வேண்டுகிற மேசை வேலை. முதல் சில மணி நேரம் மட்டும் வேகம் வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட அறிக்கை, அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் முதல் மூன்று மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டதாகக் கண்டது. கொலையில் முடியும் வழக்குகள் மிகச் சில என்பது உண்மை. ஆனால் எது அந்தச் சிலவற்றில் ஒன்று என்று முதல் மணி நேரத்தில் யாருக்கும் தெரியாது. அந்த வேகம் கடந்த பிறகு வருவதுதான் நீளமான வேலை. சமீபத்திய புகைப்படம் வாங்க வேண்டும். கைபேசி அழைப்புப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். பேருந்து நிலைய சி.சி.டி.வி. பதிவை அழியும் முன் எடுக்க வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் பக்கத்து மாவட்டங்களுக்கும் தகவல் போக வேண்டும். மறு கரையில் இன்னொரு வேலை காத்திருக்கிறது. சென்னை சென்ட்ரலில் தனியாக நின்ற ஒரு சிறுவனை ரயில்வே போலீஸார் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, ஓர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். அவன் போஜ்புரி பேசுகிறான். ஊர்ப் பெயர் சொல்கிறான். அந்தப் பெயரில் நாலு மாவட்டங்களில் ஊர் இருக்கிறது. ஊரில் அவன் பெயர் இந்தியில் எழுதப்பட்டது. இணையதளத்தில் ஆங்கிலத்தில் ஏறியது. இங்கே ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார். சூரஜ், சுராஜ், சூர்ஜ் என்று மூன்று பேராகி, கணினிக்குள் ஒருவரையொருவர் சந்திக்காமலே இருக்கிறார்கள். காணாமல்போனவர்களின் பட்டியலைப் போலீஸும் கிடைத்தவர்களின் பட்டியலை இல்லங்களும் ஏற்றுவதற்கென்றே ட்ராக்சைல்டு இணையதளம் உண்டாக்கப்பட்டது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உட்காரும் மனிதர் இல்லாதபோது அது இரண்டு குவியல்களாகவே கிடக்கும். அந்தச் சிறுவனிடம் ஆறு எந்தப் பக்கம், என்ன பண்டிகைக்குக் கடை போடுவார்கள், அப்பா எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறுவார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு, அவன் சொல்லும் ஊர் எதுவாக இருக்கும் என்று நாலு காவல் நிலையங்களுக்குத் தொலைபேசியில் கேட்கிற ஒருவரால் அது ஒரு வாரத்தில் முடிந்துவிடலாம். கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறவருக்கு அந்த ஒரு வாரம் எப்போதும் அடுத்த வாரம்.

ஆள் ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் ஒரு சான்று இருக்கிறது. 2020 ஆகஸ்டில் டெல்லி காவல் துறை ஓர் ஊக்கத் திட்டம் அறிவித்தது: பன்னிரண்டு மாதங்களுக்குள் 14 வயதுக்குக் குறைந்த 50 குழந்தைகளைக் கண்டுபிடிக்கும் காவலருக்கு முறை கடந்த பதவி உயர்வு. சமயபூர் பாதலி காவல் நிலையத்தின் தலைமைக் காவலர் சீமா டாக்கா மூன்று மாதங்கூட ஆகுமுன் 76 குழந்தைகளைக் கண்டுபிடித்து, அந்த நவம்பரிலேயே உதவி சார்பு ஆய்வாளரானார். அவர்களில் 56 பேர் 14 வயதுக்குக் குறைந்தவர்கள். பழைய கோப்புகளைத் தூசு தட்டி, மேற்கு வங்கம் வரை போய்த் தேடி அவர் செய்த வேலைக்குப் புது அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. எனக்கு இதில் பாராட்டைவிடக் கேள்வியே பெரிதாகத் தெரிகிறது. ஒருவர் முனைந்து உட்கார்ந்ததும் சில வாரங்களில் கிடைத்த குழந்தைகள் அதுவரை ஏன் கிடைக்கவில்லை? அப்படியானால் ஊக்கத்தொகையும் பதவி உயர்வும் போதுமே, தனிப் பதவி எதற்கு என்பார்கள். பரிசு வைத்தால் கை முதலில் எளிதான கோப்புக்குத்தான் போகும். பத்து வருஷப் பழைய கோப்பு ஒன்றும் நேற்றைய கோப்பு ஒன்றும் எண்ணிக்கையில் சமம் என்றால் யார் பழையதை எடுப்பார்கள்? அதோடு, 2022-ல் காணாமல்போன 83,350 பேரில் 62,946 பேர் பெண் குழந்தைகள். அவர்களில் பெரும்பகுதி பதின்பருவத்தினர். 14 வயதில் கோடு போட்ட பரிசுத் திட்டம் அவர்களைக் கண்ணில் காண்பதில்லை.

பதின்பருவப் பெண்கள் என்றதும் வருகிற ஆட்சேபம் எல்லாருக்கும் தெரிந்தது. “அது லவ் மேட்டர் சார், ஓடிப்போயிருக்கும்.” பல வழக்குகளில் அது சரியாகவும் இருக்கிறது. இதற்கெல்லாம் தனி அதிகாரி வேண்டுமா, எல்லாவற்றையும் கடத்தல் என்று பதிவதால் எண்ணிக்கை ஊதிப்போகிறதே என்று கேட்பது வெறும் சோம்பல் வாதம் அல்ல. ஆனால் அந்த ஊகம் தவறிப்போகும் வழக்கில் விலை கொடுப்பது ஒரு குழந்தை. 2005-ல் சென்னையில் பிடிபட்ட கும்பல் ஒன்று, தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து குடிசைப் பகுதிகளில் குழந்தைகளைத் தூக்கித் தத்து நிறுவனம் ஒன்றுக்கு விற்றது தெரியவந்தது. அந்தக் குழந்தைகள் போய்ச் சேர்ந்தது நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு. பெற்றோரோ ஆண்டுக்கணக்கில் இங்கேயே தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, ஓடிப்போனதாகவே இருந்தாலும் வேலை அங்கே முடிவதில்லை. அவள் ஏன் போனாள்? பதினாறு வயதில் வீட்டில் பேசி முடித்த கல்யாணத்திலிருந்து தப்பிப் போயிருந்தால், கூட்டிவந்து அதே வாசலில் விட்டுவிட்டுக் கோப்பை மூடுவது எந்த வகையில் பாதுகாப்பு? அழைத்துப் போனவன் கல்லூரி மாணவனா, வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தரகனா என்று பிரித்தறிய வேண்டாமா? வளரிளம் பருவக் காதலை போக்சோ சட்டத்துக்குள் இழுப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. அந்த வித்தியாசத்தை முதலில் பார்க்க வேண்டியவர் நீதிபதி அல்லர். அந்தப் பெண்ணோடு முதலில் பேசும் காவல் அலுவலர். லத்தி பிடிக்கப் பழகியவருக்கு அது தானாக வராது. பழகினால்தான் வரும், பழக அதே இருக்கையில் இருக்க வேண்டும்.

கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அடுத்தது. 2018-ல் டெல்லி காவல் துறை முகம் காணும் மென்பொருளைச் சோதித்து, இல்லங்களில் இருந்த சுமார் 45,000 குழந்தைகளில் 2,930 பேரை நான்கே நாளில் அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தபோது நாடே வியந்தது. மறு ஆண்டே, அதன் துல்லியம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை, ஆணையும் பெண்ணையும்கூடப் பிரித்தறியத் தெரியவில்லை என்ற தகவல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. வளரும் குழந்தையின் முகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பது தாய்மார்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆதார் மட்டும் உண்மையாகவே உதவியிருக்கிறது, அதுவும் ஒரு விபத்தாக. பேச வராத, ஊர் சொல்லத் தெரியாத குழந்தைக்கு இல்லத்தில் ஆதார் எடுக்கப்போனால், ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று கணினி மறுக்கும். அந்த மறுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்த நிகழ்வுகள் நாகபுரியில் உண்டு, வேறு ஊர்களிலும் உண்டு. ஆனால் ‘மறுக்கப்பட்டது’ என்ற சீட்டைத் தூக்கிப் போடாமல், ஏன் என்று கேட்ட ஓர் ஊழியர் ஒவ்வொரு தடவையும் இருந்தார். கருவி வேண்டும்தான், அது ஆளுக்குப் பதிலாகாது.

ஆபரேஷன் ஸ்மைல், முஸ்கான் போன்ற இயக்கங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2015-லிருந்து ஜனவரியிலோ ஜூலையிலோ ஒரு மாதம் மும்முரமாக நடக்கும், படங்கள் வெளிவரும். தெருவிலும் பட்டறையிலும் குழந்தைகள் மீட்கப்படுவது நல்லதே. அந்த மீட்பு எண்ணிக்கையும் ஏற்கெனவே எஃப்.ஐ.ஆர். போட்டுத் தேடப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையும் வேறு வேறு என்பது மட்டும் மறந்துபோகிறது. ரயில்வே பாதுகாப்புப் படை 2018 முதல் 2024 மே வரை 84,119 குழந்தைகளை நிலையங்களில் மீட்டிருக்கிறது. ஒரு மாத இயக்கம் நடத்தி வந்த எண்ணல்ல இது. நடைமேடையில் அன்றாடம் நிற்கிற ஒரு படை, அதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டதால் வந்தது.

செலவு என்ற ஆட்சேபம்தான் கனமானது. காவல் துறையில் காலியிடங்கள் ஏராளம். ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவரை ஒதுக்கிவைக்க முடியாது என்று ஓர் எஸ்.பி. சொன்னால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நிலையத்துக்கு ஒருவர் தேவையே இல்லை. டி.எஸ்.பி. சரகத்துக்கு ஒருவர், உதவிக்கு ஒரு காவலர் போதும், பந்தோபஸ்துக்கு அழைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. மூன்றாண்டு இடமாற்றம் கூடாது. வெளி மாநிலப் பயணத்துக்கு முன்பணம் கையில் இருக்க வேண்டும். 2021-ல் கான்பூரில் மாற்றுத்திறனாளித் தாய் ஒருவர், மகளைத் தேட போலீஸ் வண்டிக்கு டீசல் போட்டே பணம் கரைந்ததாக முறையிட்டது நினைவிருக்கலாம். அந்த வண்டிக்கு எண்ணெய் ஒதுக்குவது அரசின் செலவுக் கணக்கில் எந்த மூலைக்குக் காணும்? இந்தப் பதவி தண்டனைப் பணியிடமாகிவிடும், பிடிக்காதவரைத் தூக்கிப் போடும் இடமாகும் என்ற அச்சமும் நியாயமானது. பல சிறப்புப் பிரிவுகளின் கதை அப்படித்தான் ஆகியிருக்கிறது. விரும்பிக் கேட்பவருக்கே தருவதும், பதவி உயர்வில் அந்த ஆண்டுகளுக்கு மதிப்பெண் வைப்பதும் அதைக் கொஞ்சம் தடுக்கும், முழுதாகத் தடுக்காது. போலீஸுக்கு வெளியிலும் இதே குறை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வீடுவீடாக விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். 1996-ல் மும்பையில் தொண்டு முயற்சியாகத் தொடங்கிய 1098 உதவி எண் 2023-ல் மாநில அரசுகளின் பொறுப்புக்கு வந்து 112-உடன் இணைந்தது. வேலை அரசுடையதாகிவிட்டது, வேலை பார்க்கிறவர் அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் நீளுமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். நல்ல பணியாளர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறார். அவர் தலையில் இருந்த ஊர்ப் பெயர்களும் தொலைபேசி எண்களும் அவரோடு போய்விடுகின்றன.

பணம் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. நான்கு மாதத்தில் கிடைக்காத குழந்தையின் வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது விதி. போகிறதா, போன இடத்தில் யாராவது திறந்து பார்க்கிறாரா என்று கேட்பார் இல்லை. காவல் நிலையத்திலிருந்து மாற்றலாகிப் போகிற ஆய்வாளர் துப்பாக்கி, தோட்டா, கைப்பற்றிய பொருள்கள் எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஒப்படைக்கிறார். கிடைக்காத குழந்தைகளின் கோப்புகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் கடைசியாக என்ன செய்யப்பட்டது, யார் செய்தார், எந்தத் தேதியில் என்ற மூன்று விவரங்களை மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் எஸ்.பி. முன் வைக்கச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும். மூன்றாவது கூட்டத்திலேயே, இதைப் பார்க்க எனக்கு ஓர் ஆள் தாருங்கள் என்று ஆய்வாளர்களே கேட்கத் தொடங்குவார்கள்.