துண்டு லீவில் மனம் ஆறுமா?

யாழ்ப்பாணம் சோனகத்தெருப் பக்கக் கடைகளில் வேலைக்கு நிற்கும் நம்மவர்கள் பலருக்குக் குடும்பம் இன்னும் புத்தளத்தில்தான். 1990 ஒக்டோபர் 30இல் வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினரே திரும்பி வந்தார்கள். உழைப்பவர் இங்கே, உம்மாவும் பிள்ளைகளும் அங்கே. இரண்டு நாள் லீவு கிடைத்தால் பாதி பஸ்ஸிலேயே போய்விடும்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இரண்டாம் வருடத்திலிருந்து சம்பளத்தோடு 14 நாள் வருடாந்த லீவு தருகிறது. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு வேறு. பலருடைய கண்ணில் படாத விஷயம், அந்த 14இல் குறைந்தது 7 நாள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது. நம்ம கடைகளில் அது ஒண்டு, ரெண்டாகக் கிழிபட்டுப் போகிறது.

தொடர்ச்சி ஏன் முக்கியம்? நெதர்லாந்தில் ஜெசிக்கா டி ப்ளூம் குழுவினர் நீண்ட விடுமுறை எடுத்த 54 ஊழியர்களைக் கவனித்து, 2013இல் ஆய்வை வெளியிட்டார்கள். மனநிலை எட்டாம் நாளில்தான் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கியது. ஆக, துண்டு லீவு அந்த உச்சத்துக்குக் கொண்டுபோகாது. ஒரு பெரிய லீவும் வருடம் முழுக்கத் தாங்காது. வார ஓய்வும் வேணும்.

ஊருக்குப் போனவனை 'அந்தத் துணிக்கட்டை எங்க வெச்ச?' என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவும் லீவு இல்லை. உடம்பு வீட்டில், மனம் கடையில். வேலையிலிருந்து மனம் கழன்றால்தான் களைப்பு தீரும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனென்டாக்கின் ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டு பேரை வைத்துக் கடை நடத்தும் முதலாளிக்கு ஏழு நாள் பாரம்தான். ரமழான் கடைசிப் பத்தில் நடுச்சாமம் வரை நின்றவனுக்கு, பெருநாள் வியாபாரம் ஓய்ந்ததும் அந்த ஏழையும் கொடுத்துவிடலாம். இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அபூதர்தா (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டென்று சல்மான் பாரிஸீ (ரலி) நினைவூட்டியதும், நபி (ஸல்) அதைச் சரிகண்டதும் புகாரியில் வருகிறது. வணக்கத்துக்கே இந்த அளவென்றால் கல்லாப்பெட்டிக்கு எவ்வளவு?

லீவு மருந்தல்ல. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வேறு. சுகயீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் சட்டம் தரும் 7 நாள் லீவு இதற்கும் உரியது, மனநோயும் சுகயீனம்தான். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. 1926க்கு அழைத்தும் கதைக்கலாம்.