ஜாஸா, என்விடிஏவா? எதிர் வீட்டு அக்கா கேட்ட கேள்வி

படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. நீங்க விண்டோஸ் லேப்டாப்பில் இருக்கீங்கன்னா கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூணு கீயையும் சேர்த்து அழுத்துங்க. ஒரு குரல் பேச ஆரம்பிக்கும். பயப்படாதீங்க, வைரஸ் இல்லை. அதோட பேர் நரேட்டர், விண்டோஸ் கூடவே வர்ற ஸ்கிரீன் ரீடர். இப்போ கண்ணை மூடிக்கிட்டு, மௌஸைத் தொடாம, கீபோர்டை மட்டும் வெச்சு உங்க கடைசி மெயிலைத் திறந்து படிங்க பார்ப்போம். நிறுத்தணும்னா அதே மூணு கீ.

நான் மூணு நிமிஷம்கூட தாக்குப் பிடிக்கலை.

நான் திண்டிவனம். தினமும் பஸ்ஸில் விழுப்புரம் வந்து போற கூட்டத்தில் ஒருத்தன். எங்க எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்காங்க, பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. தமிழ் முடிச்சுட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாங்க. போன வருஷம் அவங்க அண்ணன் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே? ஜாஸ் போடலாமா, என்விடிஏ போடலாமா, சொல்லு"ன்னு கேட்டாங்க. மூணு வருஷம் படிச்ச எனக்கு ரெண்டுமே என்னன்னு தெரியலை. "பார்த்துட்டுச் சொல்றேன்க்கா"ன்னு சொல்லித் தப்பிச்சேன். அப்புறம் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைச் சரி பண்ணிடலாம். ஸ்கிரீன் ரீடர் ஸ்கிரீனைப் "பார்த்து"ப் படிக்கிறது இல்லை. நாம எழுதுற ஒவ்வொரு அப்ளிகேஷனும் திரையில் படம் வரையறதோட, பின்னாடி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரு பட்டியலும் கொடுக்குது: இது பட்டன், இதோட பேர் "அனுப்பு", இது செக்பாக்ஸ், டிக் ஆகியிருக்கு, இப்படி ஒரு மரம் மாதிரி. ஸ்கிரீன் ரீடர் அந்த மரத்தில் ஏறி இறங்கி, கிடைக்கிற எழுத்தைக் குரல் எஞ்சினுக்கு அனுப்புது. பேர் வெக்காத பட்டன் வந்தா அதுக்குச் சொல்ல வேற எதுவும் இல்லை, "பட்டன்"னு மட்டும் சொல்லும். அஞ்சு ஐகான் வரிசையா இருந்தா "பட்டன், பட்டன், பட்டன், பட்டன், பட்டன்." போன செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு நான் செஞ்ச வெப்சைட் சரியா இப்படித்தான் பேசுச்சு.

இனி அக்காவோட கேள்வி. ஜாஸ் பழைய ஆள். டெட் ஹென்டர்னு ஒரு அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், 1978-ல் கார் விபத்தில் பார்வையை இழந்தார். அப்புறம் புரோகிராமிங் படிச்சு, சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சு, 1989-ல் டாஸுக்காக ஜாஸை வெளியிட்டார். இன்னிக்கும் ஆபீஸ் வேலைக்கு அதுக்குத் தனி மரியாதை உண்டு. காரணம் அதோட ஸ்கிரிப்டிங். ஒரு பழைய வங்கி சாஃப்ட்வேர் அந்த மரத்தை ஒழுங்கா கொடுக்கலைன்னா, அதுக்குன்னே ஸ்கிரிப்ட் எழுதிப் பேச வெக்கலாம். பிரச்சினை விலை. நிரந்தர உரிமம் வாங்கப் போனா அக்காவோட லேப்டாப் மாதிரி பல லேப்டாப் வாங்கலாம். காசு கொடுக்காம டெமோவா ஓட்டினா நாற்பது நிமிஷம் ஓடும், அப்புறம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணணும். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை புத்தகத்தை மூடிட்டு எழுந்து போய்ட்டு வான்னு சொன்னா நாம படிப்போமா?

அந்த விலைதான் என்விடிஏ பிறக்கவே காரணம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ ன்னு ரெண்டு நண்பர்கள். ரெண்டு பேருக்கும் பார்வை இல்லை, சின்ன வயசில் பார்வையற்ற குழந்தைகளுக்கான ஒரு இசை முகாமில் பழக்கமானவங்க. பார்வை உள்ளவன் கம்ப்யூட்டர் விலை மட்டும் கொடுக்கிறான், நாம ஏன் அதுக்கு மேல கொடுக்கணும்னு யோசிச்சு, 2006-ல் கரன் எழுத ஆரம்பிச்சார். இலவசம், ஓப்பன் சோர்ஸ், பெரும்பகுதி பைத்தான். நமக்குத் தெரிஞ்ச அதே பைத்தான்தான், சோர்ஸைத் திறந்து பார்க்கலாம். பென் டிரைவில் போட்டு எடுத்துட்டுப் போய், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டலாம். சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாதவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. மெனு எல்லாம் தமிழிலும் வரும்.

வெப்ஏய்ம்னு ஒரு அமைப்பு பயனாளர்களிடம் சர்வே எடுக்குது. 2023 டிசம்பர், 2024 ஜனவரியில் எடுத்ததில் முதன்மையா ஜாஸ் பயன்படுத்துறவங்க 40.5 சதவீதம், என்விடிஏ 37.7 சதவீதம். பதில் சொன்னவங்களில் பெரிய பங்கு வட அமெரிக்கா, அதையும் மனசில் வெச்சுக்கணும். நிறைய பேர் ஒண்ணை மட்டும் நம்பி இல்லாம ரெண்டு மூணு வெச்சிருக்காங்க. ஒரு வெப்சைட் ஒண்ணில் மக்கர் பண்ணா இன்னொண்ணு. கீ எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான்: வெப் பக்கத்தில் ஹெச் அழுத்தினா அடுத்த தலைப்பு, டி அழுத்தினா அடுத்த டேபிள். ஒண்ணு பழகினவங்க மத்ததுக்கு மாறுறது பெரிய மலை இல்லை.

நரேட்டரை இப்போ அவசரத்துக்குத் தாராளமா நம்பலாம். புது விண்டோஸ் போடும்போது, வேற எதுவும் இன்ஸ்டால் ஆகாத நேரத்தில், அதுதான் துணை. லினக்ஸ்னா ஆர்கா. அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம அண்ணன் அக்காக்கள் முதல் நாளே தூக்கிப் போட்டதுதான். உபுண்டு வெச்சிருக்கிறவங்க சூப்பர், ஆல்ட், எஸ் அழுத்தினா ஆர்கா பேசும். அந்த அரசு லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுதுன்னா ஒரு எச்சரிக்கை: புது என்விடிஏ ஏறாது, 2023.3 வரிசை வரைக்கும்தான்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, கெத்தா அக்கா வீட்டுக்குப் போய் என்விடிஏ போட்டுக் கொடுத்தேன். லேப்டாப்பில் இன்சர்ட் கீ இடுக்கில் இருந்ததால கேப்ஸ் லாக்கை என்விடிஏ கீயா மாத்தினேன். நல்லாத்தான் பேசுச்சு, இங்கிலீஷில். ஒரு தமிழ் ஃபைலைத் திறந்தேன். ஒண்ணும் புரியலை. குரல் வேற, ஸ்கிரீன் ரீடர் வேறன்னு அப்போதான் மண்டையில் ஏறுச்சு. ஸ்கிரீன் ரீடர் எழுத்தைப் பொறுக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். வாசிக்கத் தமிழ் தெரிஞ்ச குரல் வேணும்.

இலவசமா ரெண்டு வழி இருக்கு. என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு, செட்டிங்ஸில் மாத்தினா போதும். மனுஷக் குரலைப் பதிவு பண்ணி வெட்டி ஒட்டினது இல்லை அது, ஒலியைக் கணக்குப் போட்டே உருவாக்குறது. அதனால ரோபோ மாதிரி இருக்கும். இன்னொண்ணு விண்டோஸ் 10-ல் தமிழ் மொழியைச் சேர்த்தா கிடைக்கிற மைக்ரோசாஃப்ட் குரல். பேர் என்ன தெரியுமா, வள்ளுவர். கேட்க ரொம்ப இயல்பா இருந்ததால நான் அதையே வெச்சுட்டு வந்தேன்.

ரெண்டு நாளில் அக்கா ஃபோன். "தம்பி, அந்த ரோபோவையே திரும்பப் போட்டுக் கொடுப்பா. இது ரேடியோ நியூஸ் மாதிரி அழகா வாசிக்குது. ஆனா எனக்கு ஓடணும்." நேரில் போனப்போ அவங்க ஈஸ்பீக்கை எந்த வேகத்தில் வெச்சிருந்தாங்கன்னு கேட்டேன். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடலை, மழை தகரத்தில் விழற சத்தம் மாதிரி இருந்துச்சு. அக்கா அதில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறாங்க. இயல்பான குரலை வேகமா ஓட்டினா குழையும், கணக்கில் பிறந்த குரல் குழையாது. எது நல்ல குரல்னு தீர்மானிக்க என் காது லாயக்கில்லைன்னு ஒத்துக்கிட்டேன்.

சாஃப்ட்வேர் பிரச்சினை அதோட முடிஞ்சுது. நிஜப் பிரச்சினை அடுத்த வாரம் வந்துச்சு. அக்கா ஒரு ஸ்டடி மெட்டீரியல் ஃபைலைத் திறக்கிறாங்க, என்விடிஏ ஏதோ உளறுது. நான் எட்டிப் பார்த்தா திரையில் சுத்தமான தமிழ். கர்சரை ஒவ்வொரு எழுத்தா நகர்த்தினேன். "தமிழ்"ங்கிற வார்த்தையில் அது சொன்னது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ஃபைல் பாமினி ஃபான்ட்டில் டைப் பண்ணது. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் உள்ளே இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் முகமூடி. நம்ம கண்ணுக்கு முகமூடி தெரியும், ஸ்கிரீன் ரீடருக்கு உள்ளே இருக்கிறதுதான் தெரியும். யூனிகோடில் தமிழுக்குன்னே சொந்த எண்கள் இருக்கு, அதனால அது பேசும். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்திலேயே தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு. டைப்பிங் சென்டர்கள் இன்னும் பல இடத்தில் அதைக் கேள்விப்பட்ட மாதிரி தெரியலை.

பாமினியையாவது கன்வர்ட்டரில் போட்டு மாத்திடலாம். அதைவிட மோசம் ஃபோட்டோ. அக்காவுக்கு உதவி பண்றேன்னு நான்தான் ஒரு புத்தகத்தில் நாற்பது பக்கத்தை ஃபோனில் படம் பிடிச்சு, பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருந்தேன். அவங்க லேப்டாப்பில் அது நாற்பது வெறும் பக்கம். டெசராக்ட்டும் கூகுள் டிரைவும் தமிழ்ப் படத்தில் இருந்து எழுத்தை எடுத்துத் தரும், ஆனா தப்போட தரும். அந்தத் தப்பை யார் திருத்தறது? மூணு ராத்திரி உட்கார்ந்து நான் திருத்தினேன். ஜாஸ் வாங்கியிருந்தாலும் அந்த மூணு ராத்திரி மிச்சம் ஆகியிருக்காது. இந்த மாதிரி வேலையை நாடு முழுக்கப் பண்ணி வெச்ச இணைய நூலகம் ஒண்ணு இருக்கு, 2016-ல் ஆரம்பிச்ச சுகம்ய புஸ்தகாலயா. பார்வையற்ற நண்பர்கள் இருந்தா முதலில் அதில் சேரச் சொல்லுங்க.

நீங்க நோட்ஸ் டைப் பண்றவங்களா? வேர்டில் தலைப்பை வெறுமனே பெருசு பண்ணி போல்டு ஆக்காதீங்க, ஹெட்டிங் ஸ்டைல் கொடுங்க. போல்டு கண்ணுக்கு மட்டும்தான், ஹெட்டிங் இருந்தாதான் தலைப்பு விட்டுத் தலைப்பு தாவ முடியும். சமன்பாட்டை ஸ்கிரீன்ஷாட்டா ஒட்டாம ஈக்குவேஷன் எடிட்டரில் போடுங்க. படத்துக்கு ஒரு வரி விளக்கம். வெப்சைட் செய்யறவங்க மௌஸைக் கழட்டி வெச்சுட்டு ஒரு தடவை டேப் கீயாலேயே முழுசா சுத்தி வாங்க. என்விடிஏ டூல்ஸ் மெனுவில் ஸ்பீச் வியூவர்னு ஒண்ணு இருக்கு. அது பேசறதையெல்லாம் எழுத்தாக் காட்டும், ஹாஸ்டலில் ரூம்மேட் தூங்கும்போதும் டெஸ்ட் பண்ணலாம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், எடிட்டர் குழு கோவிச்சுக்கக் கூடாது. நம்ம போன இதழை அக்காவுக்கு அனுப்பினேன். டிசைன் பண்ணி, பக்கத்துக்குப் பக்கம் படமா எக்ஸ்போர்ட் பண்ணின பிடிஎஃப். திறந்ததும் என்விடிஏ சொன்னது, ஆவணம் காலின்னு. அதில் என் கவிதை ஒண்ணும் இருந்துச்சு (அது காலியாவே இருந்திருக்கலாம்னு நண்பர்கள் சொல்றாங்க, அது வேற விஷயம்). ரெண்டு மீட்டிங், ஒரு சண்டை, கொஞ்சம் டீ செலவுக்கு அப்புறம் இந்த இதழ் வெப் பக்கமாவும் வருது, யூனிகோடில், ஒழுங்கான தலைப்புகளோட.

வெளியாகிற அன்னிக்கு அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அவங்களைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்கேன்னு பார்க்கணுமாம். நான் வாசிச்சுக் காட்டக் கூடாதாம், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கணுமாம்.