குப்பையைக் கொளுத்தாத வீடு

மூச்சுத்திணறலுடன் வருவோரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டருகே குப்பை எரிக்கிறீர்களா?" இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்தியும் இருமல் தணியாத சிலர், அன்றாடம் மாலையில் சருகையும் பாலித்தீன் பைகளையும் ஒன்றாகக் கொளுத்துவதாகக் கூறுகின்றனர்.

பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் முதலிய நச்சுப்பொருள்கள் வெளிப்படலாம். சருகுப் புகையிலும் நுண்துகள்கள் உண்டு. அவை மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்து, ஆஸ்துமா நோயாளியின் திணறலை மிகுவிக்கும்.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. அதன்பின் நாம் நட்டு வளர்க்கும் கன்றுகளுக்கு இச்சருகே உரமாகட்டும். கொல்லையில் குழி வெட்டி, சருகையும் காய்கறித் தோலையும் இட்டு, மண் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் எருவாகிவிடும். பிளாஸ்டிக்கைத் தனியே சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். கடைக்கு மஞ்சப்பை கொண்டு சென்றால் அதுவும் குறையும்.

அண்டை வீட்டார் கொளுத்தினால், உங்கள் வீட்டில் நோயாளி இருப்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். மருந்தை நாங்கள் தருவோம். புகையைத் தவிர்ப்பது உங்கள் கையில் உள்ளது.