கீஸர் பற்றவில்லையா?

முன்பெல்லாம் மாட்டுங்கா வீடுகளில் செம்புப் 'பம்ப்'பில் கரி போட்டு வெந்நீர் காய்ச்சினோம். இப்போது கேஸ் கீஸர். குழாயைத் திறந்ததும் ஓடும் தண்ணீரின் அழுத்தம் உள்ளேயிருக்கும் ரப்பர்ச் சவ்வைத் தள்ளும்; அதன்பிறகே கேஸ் வால்வு திறக்கும். லண்டனில் நம் பிள்ளைகள் வீட்டு காம்பி பாய்லரும் குளியல் வெந்நீருக்குத் தண்ணீர் ஓடுவதை அறிந்துதான் பற்றுகிறது.

ஆகவே 'டக் டக்' சத்தமே இல்லையென்றால் மெக்கானிக்கை அழைக்குமுன் இரண்டு பாட்டரியையும் மாற்றுங்கள். பிறகு தண்ணீர் வேகம். மேல்மாடிக்காரர்களுக்குத் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் அழுத்தம் குறைவு. உள்வரும் குழாயிலுள்ள சின்ன வலையைக் கழற்றிக் கழுவுங்கள். நீரை வடிகட்டிப் புழங்குவது எங்கள் சமணர் வீட்டு வழக்கம். கீஸருக்கும் அதே விதிதான்! சத்தம் வந்தும் பற்றாவிட்டால் கேஸ் வால்வைப் பாருங்கள். சிலிண்டருக்கான கீஸரை மகாநகர் கேஸ் குழாயில் அப்படியே மாட்டக்கூடாது, நாசில் வேறு.

பற்றாத கீஸர் தொல்லைதான். பற்றி எரிகிற கீஸர்தான் ஆளைக் கொல்லும். காற்றில்லாத குளியலறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலை கனத்தாலோ கிறுகிறுத்தாலோ சோப்பு நுரையோடாவது வெளியே வந்துவிடுங்கள்; வெட்கம் பார்க்க வேண்டாம். கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், புகைக்குழாயோடு மாட்டச் சொல்லுங்கள். குளிருகிறதென்று ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.