காட்டுக்குப் போலாமா? கிரிக்கெட் பேட் வேண்டாம்... மண்வெட்டி எடுங்க!

ஓசூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? லாரி, மொபெட், கைக்கடிகாரம், ரோஜாப்பூ! ஷிஃப்ட் பஸ்களுக்கு நடுவே சிப்காட் ரோட்டைத் தாண்டுவதே அங்கே ஒரு சாகசம்தான். ஆனால் தளி ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனால் ஜவளகிரி... சுத்தமான யானைக் காடு. அஞ்செட்டி, உரிகம் என்று காவிரிக் கரை வரை நீளுகிற இந்தப் பகுதியில் 504 சதுர கிலோமீட்டர் 2014-ல் காவிரி வடக்கு சரணாலயம் ஆனது. 2022-ல் காவிரி தெற்கும் சேர்ந்துகொண்டது.

ஓசூர்ப் பிள்ளைகளில் பலர் இந்த யானைகளைப் பார்ப்பது டி.வி. செய்தியில் மட்டும்தான். அதுவும் 'அட்டகாசம்' என்ற தலைப்போடு!

இவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். பிக்னிக்குக்கு இல்லை, வேலை செய்ய! அமெரிக்காவில் 1957-லிருந்தே பள்ளி, கல்லூரி மாணவர்கள் லீவில் தேசியப் பூங்காக்களுக்குப் போய் வேலை செய்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம சென்னையில் 1988-ல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறதே!

ஜவளகிரிப் பக்கம் என்ன வேலை? உண்ணிச்செடி. கலர் கலராகப் பூப்பூக்கும், பார்க்க அழகுதான். வெள்ளைக்காரர்கள் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, காடெங்கும் புதராக மண்டிவிட்டது. அதன் அடியில் புல் முளைக்காது. யானைக்கு அது தீனியும் ஆகாது.

இதை வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தரைக்கு மேலே வெட்டினால் மறுபடி தழைத்துக்கொண்டு நிற்கும். மண்ணுக்குள்ளே இரண்டு அங்குலம் இறங்கி, தண்டும் வேரும் சேருகிற இடத்துக்குக் கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். மண்ணில் கிடக்கிற விதை அடுத்தடுத்த மழைக்கும் முளைக்கும் என்பதால், வருஷா வருஷம் அதே இடத்துக்குப் போய்க் கன்றுகளைப் பிடுங்கவேண்டும். ஒரு நாள் பிடுங்கிவிட்டு குரூப் போட்டோ எடுத்துக்கொள்கிற ஆசாமிகள் தயவுசெய்து பூங்காவுக்கே போகலாம்!

அழைத்துப் போகிறவருக்குத்தான் உண்மையான சோதனை. புதருக்குள் பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. முன்னால் வேட்டைத் தடுப்புக் காவலர், கடைசியில் ஆசிரியர், நடுவே பிள்ளைகள். மெதுவாக நடக்கிற பையனின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். பளபள சட்டை, சென்ட், பாட்டு, எதுவும் கூடாது. "சார், யானை வந்தா மரத்துல ஏறிடலாமா?" என்று ஒருத்தன் கட்டாயம் கேட்பான். "மொதல்ல உனக்கு மரம் ஏறத் தெரியுமாடா?" என்றுதான் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். காவலர் சொல்கிற திசையில் சத்தமில்லாமல் பின்வாங்கவேண்டும் என்று கிளம்பும் முன்பே சொல்லி, ஒருமுறை செய்தும் பார்த்துவிடுங்கள்.

அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. தளிப் பக்கத்து ராகி விவசாயி வீட்டுப் பிள்ளை கேட்பான்: "எங்க ராகிய எல்லாம் தின்னுட்டுப் போவுது சார். அதுக்கு நான் ஏன் புல்லு வளர்க்கணும்?"

'யானை பாவம்டா' என்று மழுப்பினால் அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவான். போடவும் வேண்டும்! பன்னார்கட்டாவிலிருந்து மழைக்காலத்துக்குப் பிறகு கூட்டமாக வருகிற யானைகள், ராகி அறுவடை சமயத்தில்தான் சானமாவு வரை வந்து பெங்களூர் ஹைவேயையே கடக்கின்றன. முற்றிய ராகி புல்லைவிடச் சத்தானது. புல் வளர்த்துவிட்டால் யானை வயலுக்கே வராது என்று சொன்னால் அது பொய். காட்டில் தீனி இருந்தால் அங்கே தங்குகிற நாள் கூடலாம், அவ்வளவுதான். நஷ்ட ஈடு சீக்கிரம் கைக்கு வருவது தனி விஷயம், அதையும் அந்தப் பையன் முன்னாலேயே பேசிவிடவேண்டும். இதற்குப் பதில் தெரியாதவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம் என்பது என் கட்சி.

வனத்துறை அனுமதியில்லாமல் நுழையவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் இந்தக் காடும் காய்ந்த சருகுதான்.

வெட்டிய செடியை என்ன செய்வது? நீலகிரிப் பழங்குடியினர் அதன் தண்டை வேகவைத்து வளைத்து நிஜ அளவில் யானைகள் செய்தார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் அவை கூட்டமாக நின்றன. பிள்ளைகளிடம் அந்தப் போட்டோவைக் காட்டுங்கள். கூடவே தடித்த கையுறை... அந்தச் செடியில் முள் உண்டு!