வீட்டு மின்கலங்களும் மின்னேற்றும் முறையும்

புனே மாவட்டத்துத் தளேகாவ் போன்ற தொழில் நகரின் குடியிருப்பானாலும், காரைக்குடியை அடுத்த சிற்றூரின் இல்லமானாலும், மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலங்கள் இன்று பல வீடுகளில் இரண்டு மூன்று வகையேனும் உள்ளன. இன்வர்ட்டருக்குக் காரீய-அமில பாட்டரி, விளையாட்டுப் பொருள்களுக்கு நிக்கல் மின்கலம், கைபேசிக்கு லித்தியம்-அயனி மின்கலம் எனப் பயன்கள் வேறுபடுகின்றன.

பொருளாதார நோக்கில் இவை நுகர்பொருள்கள் அல்ல. சிறு மூலதனப் பொருள்கள். 500 முறை மின்னேற்றத் தக்க ஒரு மின்கலம் தவறான கையாளுதலால் 250 முறையிலேயே பழுதானால், ஒவ்வொரு முறைக்கும் ஆகும் மூலதனச் செலவு இரட்டிப்பாகிறது. எனவே மின்னேற்றும் முறையை அறிவது குடும்பச் சிக்கனமும் ஆகும்.

காரீய-அமில மின்கலத்தை 1859-ல் பிரான்சு நாட்டு அறிஞர் பிளான்ட்டே உருவாக்கினார். 12 வோல்ட் பாட்டரியில் இத்தகைய கலங்கள் ஆறு உண்டு. மின்னேற்றும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை உயர்த்தப்பட்டு, நிரம்பியபின் 13.6 வோல்ட் அளவில் நிறுத்தப்படுகிறது. மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் விட்டுவைத்தால் தகடுகளில் காரீய சல்பேட் கெட்டிப்பட்டுக் கொள்ளளவு குன்றும். மிகையாக மின்னேற்றினாலோ நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டமான இடமும், நீர் ஊற்றும் வகைக்கு உரிய காலத்தில் காய்ச்சி வடித்த நீரும் தேவைப்படுவது இதனாலேயே.

நிக்கல் மின்கலத்தின் அழுத்தம் 1.2 வோல்ட். 2000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள கலத்திற்கு 200 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தந்தால், கணக்குப்படி 10 மணி நேரம் போதும். ஆயினும் ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால் 14 முதல் 16 மணி நேரம் ஆகிறது. விரைவு மின்னேற்றிகள், கலம் நிரம்பும்போது ஏற்படும் சிறு அழுத்த வீழ்ச்சியையும் வெப்ப உயர்வையும் கண்டு தாமே நின்றுவிடுகின்றன.

1991-ல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி வகையில் கண்டிப்பு மிகுதி. சாதாரண வகைக்கு ஒரு கலத்திற்கு 4.2 வோல்ட், இரும்பு-பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட் என்பதே வழக்கமான மேல்வரம்பு. அதை எட்டும்வரை மின்னோட்டமும், எட்டியபின் மின்னழுத்தமும் மாறாது காக்கப்படும். வரம்பு மீறினால் கலம் சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

உருவ ஒற்றுமை கண்டு ஏமாறலாகாது. ஏஏ அளவில் நிக்கல் மின்கலமும் உண்டு; மின்னேற்றக் கூடாத சாதாரண உலர் மின்கலமும் உண்டு; ஏறத்தாழ அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் மின்கலமும் உண்டு. மேலுறையில் அச்சிட்ட வகையையும் வோல்ட்டையும் படித்து, அதற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும்.

அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மின்கல ஆய்வில் ஈடுபட்டு வருகிறது. 2001-ஆம் ஆண்டு விதிகள் காரீய-அமில பாட்டரிகளுக்கே பொருந்தின. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளோ எல்லா வகைகளையும் உள்ளடக்கி, பயன்தீர்ந்தவற்றைத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்துள்ளன. அவற்றை வீட்டுக் குப்பையுடன் கலவாது தனியே ஒப்படைப்பது பயனாளியின் கடமை. சரியாக மின்னேற்றப்படும் மின்கலம் நீண்ட நாள் உழைக்கும். அந்த அளவிற்குக் கழிவும் குறையும்.