கித்துல்கலையிற் கண்டதும் காணாததும்

வார இறுதியில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்குமாயின், ஆசிரியராயினார் அதனைப் பெரும்பாலும் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவதிலேயே கழித்துவிடுவர். நம் முன்னோர்க்கு ஊர்காண் செலவு என்பது தலயாத்திரையாகவே இருந்தது. ஆற்றிலே குளித்தாலும் கோயில் ஒன்றின் பெயராற்றான் குளித்தனர். இக்காலத்து இளைஞர்க்கோ மலையும் அருவியும் தம்மளவிலேயே தலங்களாகிவிட்டன. இதிற் குறை காண்பதற்கில்லை. எம் மாணாக்கர் சிலர், "ஐயா, கித்துல்கலைக்குப் போவோம், படம் பிடித்த இடம் ஒன்று அங்கே உண்டு" என்று சென்ற மாதம் அழைத்தபொழுது யாமும் கொப்பிகளைக் கட்டிவைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றனுக்கு ஏறும் பெருந்தெருவிலே, கேகாலை மாவட்டத்தில், களனி கங்கைக் கரையில் அமைந்தது அவ்வூர். கித்துல் என்பது நாம் கூந்தற்பனை என வழங்கும் மரம். கல என்பது சிங்களத்திற் பாறை. மரமும் பாறையும் மழையுமே அங்குள்ள செல்வம். வழிநெடுக றப்பர்த் தோட்டங்கள். இளைஞர் காற்றடைத்த மிதவைகளில் ஏறி நுரைத்தோடும் நீரிலே கூச்சலிட்டுச் சென்றனர். யாம் கரையிலிருந்து அவர்தம் செருப்புக்களுக்குக் காவல் புரிந்தோம்.

மறுநாட் காலை, தெருவிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை வழியே ஆற்றங்கரையை அடைந்தோம். அங்கே பாலம் இல்லை. கரையிலே பாசி படர்ந்த சீமெந்து அடித்தளங்கள் சில எஞ்சியிருக்கின்றன, அவ்வளவே. இல்லாத பாலம் ஒன்றைக் காண்பதற்கு மக்கள் இன்றும் திரண்டு வருகின்றனர் என்பது வியப்பே. ஆயினும் அப்பாலத்தின் வரலாறு சுவையானது.

டேவிட் லீன் என்னும் நெறியாளர் 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காக 1956, 1957 ஆம் ஆண்டுகளில் இங்கே மெய்யாகவே ஒரு மரப்பாலம் அமைத்தார். நீளம் ஏறத்தாழ 425 அடி. நீர்மட்டத்திலிருந்து உயரம் 50 அடி. பொம்மைப் பாலத்தைக் காட்டி ஏமாற்ற அவர் மனம் ஒப்பவில்லை. பாலத்தின்மேல் மெய்யான புகையிரதம் ஒன்றை ஓடவிட்டு, இரண்டையும் ஒருங்கே வெடிவைத்துத் தகர்ப்பதே அவர் திட்டம். 1957 மார்ச்சு மாதத்தில் அந்நாள் வந்தது. படப்பிடிப்பாளர் ஒவ்வொருவரும் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்கியதும் சைகை தரல் வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவரிடமிருந்து சைகை வரவில்லை. லீன் வெடியை நிறுத்திவிட்டார், புகையிரதமோ நிற்கவில்லை. பாலத்தைக் கடந்து அப்பாலிருந்த மின்னாக்கி ஒன்றிலே மோதி வீழ்ந்தது. அதனைச் செப்பஞ் செய்து மறுநாட் காலை மீண்டும் ஓடவிட்டனர். பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க உள்ளிட்டோர் காண, எட்டு மாத உழைப்பு சில நொடிகளில் ஆற்றில் வீழ்ந்தது.

படம் நல்ல படம், அதில் ஐயமில்லை. 7 ஒஸ்கார் பரிசில்கள் பெற்றது. பகைவரிடம் சிறைப்பட்ட ஆங்கிலத் தளபதி ஒருவர், தம் வீரரின் ஒழுங்கைக் காக்கவென்று பகைவனுக்கே உறுதியான பாலத்தைக் கட்டிக் கொடுக்கின்றார். பின்னர் அப்பாலத்தின்மீதே காதல் கொண்டுவிடுகின்றார். அது கடமையா, செருக்கா? இவ்வினா நம் பட்டிமன்றத்தார் கையிற் கிடைத்தால் மூன்று இரவுக்குக் காணும்.

வாடிவீட்டிலே பழைய படப்பிடிப்பு நிழற்படங்களைப் பார்த்து நின்ற மாணாக்கன் ஒருவன் கேட்டான்: "ஐயா, சயாம் பாதையை எங்கள் ஆட்களும் போட்டார்கள் என்று என் அம்மம்மா சொல்லுவா. படத்திலே ஒருவரையும் காணோமே?" அவன் பாட்டனார் மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். 'மலாயாப் பென்சன்' என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்திலே கலியாணப் பேச்சுக்களைத் தீர்த்துவைத்த காலத்தவர்.

அவன் கேட்டது தக்க கேள்வி. சயாமின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையை யப்பானியர் 1942 இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தனர். வேலை செய்த நேசநாட்டுச் சிறைவீரர் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தோர் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளரோ 2 இலட்சத்தை எட்டுவர் என்றும், அவருள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து சென்றோர் மாத்திரம் 70,000 பேருக்கு மேல். அவருட் பெரும்பாலோர் றப்பர்த் தோட்டத் தமிழர். கித்துல்கலைக்குச் செல்லும் வழியிலே பால்வெட்டும் மக்களின் முன்னோர் புறப்பட்ட அதே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள். நாட்கூலி தருவதாகச் சொல்லி அழைத்துச் சென்றனர்; வராதவரைப் பிடித்துச் சென்றனர். இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவை அடைத்து, ஆடவரைப் புகையிரதமேற்றிய நிகழ்ச்சிகளும் உண்டு. 1943 இன் மழைக்காலத்திலே வாந்திபேதி முகாம் முகாமாக அவர்களைக் கொண்டுசென்றது. சிறைவீரரிடையே இராணுவ மருத்துவர் இருந்தனர். கூலிகளுக்கோ அத்துணையும் அரிது.

இவற்றைக் கதாசிரியர் அறியார் என்பதற்குமில்லை. மூலநாவலை 1952 இல் வெளியிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல், போருக்கு முன் மலாயாவில் றப்பர்த் தோட்ட எந்திரியாகப் பணிபுரிந்தவர். தமிழரைத் தினமும் கண்டிருப்பார். கதையில் அவர்க்கு இடம் வேண்டியிருக்கவில்லை. திரைக்கதைப் பரிசும் பூலுக்கே கிடைத்தது. மெய்யாக எழுதிய கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் என்போர் பொதுவுடைமையர் என்று ஒதுக்கப்பட்டிருந்தமையின் அவர்தம் பெயர் மறைக்கப்பட்டது. 1984 இல் அப்பரிசு அவ்விருவர் பெயருக்கும் மாற்றப்பட்டது.

மெய்யான பாலம் சயாமிலே காஞ்சனபுரியில் நிற்கின்றது, இரும்பும் கொங்கிறீற்றுமானது. அது கடந்தது குவாய் ஆறுமன்று, மே குலோங் ஆறு. படம் பார்த்தவர்கள் குவாயைத் தேடி வரவே, 1960களில் அப்பகுதி ஆற்றின் பெயரையே 'குவே யாய்' என்று மாற்றிவிட்டனர். படத்திற்காக ஓர் ஆறு பெயர் மாறிற்று! அந்நகரின் போர்க் கல்லறைத் தோட்டத்திலே ஏறத்தாழ 7,000 சிறைவீரர் துயில்கின்றனர். பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. பொன்னகரம் என்று பொருள்படும் அவ்வூரிலே 1990 இல் நிலத்தை அகழ்ந்தபொழுது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையன என்று கருதினர். பெயர் ஒன்றும் தெரியவில்லை. இறந்தோன் பெயரைக் கல்லில் எழுதி நடும் முறைமைக்கு இலக்கணம் வகுத்தவர் நம்மவர்.

மலேசியத் தமிழெழுத்தாளர் இதனை மறந்தாரல்லர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்னும் இரு நாவல்களும் இப்பொருளன. திரும்பி வந்தபின் அம்மாணாக்கன் நூலகத்திலே தேடினான், இரண்டும் இல்லை. கோலாலம்பூருக்கு எழுதியிருக்கின்றோம். அவன் அம்மம்மாவின் இரும்புப் பெட்டியிலே மலாயாக் கடிதங்கள் சில உள்ளனவாம். அடுத்த சனிக்கிழமை அவற்றைப் பார்க்கச் சாவகச்சேரிக்குப் போவதாக இருக்கிறோம்.